மலைச்சாலையில் முன்னால் போகும் பைக்கைத் தாண்டுவது எப்படி: வால்பாறை சாலையை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஆழியார் செக்போஸ்ட்டைத் தாண்டி வால்பாறைக்கு ஏறினால் மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சாலையில் எங்கு பார்த்தாலும் பைக்குகள்தான். கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி வந்த புல்லட் கூட்டம், புது வண்டி வாங்கிய கல்லூரிப் பையன்கள், மனைவி குழந்தையோடு 100 சிசி வண்டியில் முக்கி முக்கி ஏறும் குடும்பம், இந்தச் சாலையில் தினமும் போய்வரும் எஸ்டேட்காரர். இத்தனை பேரும் ஒரே வேகத்தில் போக முடியாது, ஆகவே யாராவது யாரையாவது தாண்டித்தான் ஆக வேண்டும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் காரை, லாரியைத் தாண்டுவது பற்றி எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறார்கள், இன்னொரு பைக்கைத் தாண்டுவதை யாரும் ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் இதே சாலையில் நான் ஒருவரை இடித்துக் கீழே தள்ளியிருக்கிறேன். முன்னால் ஒரு வண்டி, பின்சீட்டில் அவர் மனைவி. அவர் வேகத்தைக் குறைத்தார், கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கினார். வழிவிடுகிறார் என்று நினைத்து நான் வலப்பக்கம் ஏறினேன். அவர் வழிவிடவில்லை. வலப்பக்கம் பள்ளத்தாக்கு நன்றாகத் தெரிந்தது, அங்கே நிறுத்திப் படம் எடுப்பதற்காக வண்டியை இடது ஓரத்திலிருந்து அகலமாக ஒடித்தார். இருவரும் மெதுவாகப் போனதால் அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு, எனக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு, அதோடு போயிற்று. ஆனால் அந்த அம்மா தடுப்புச்சுவரில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீர் பாட்டிலைப் பிடிக்கக்கூட முடியாமல் கை நடுங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர் இண்டிகேட்டர் போடவில்லை, உண்மைதான். இருந்தாலும் தப்பு என்னுடையது, ஏனென்றால் அவர் மனதில் என்ன இருக்கிறது என்று நானாகவே முடிவுசெய்துகொண்டு போனேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி. தாண்டுவது முழுக்க முழுக்கப் பின்னால் வருகிறவரின் வேலை, முன்னால் போகிறவருக்கு அதில் ஒரு வேலையும் இருக்கக் கூடாது. அவர் பிரேக் பிடிக்க வேண்டி வந்தாலோ, ஒதுங்க வேண்டி வந்தாலோ, திடுக்கிட்டாலோ, நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அது மோசமான ஓவர்டேக்தான். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

பைக் நேர்கோட்டில் போகாது

காருக்கு அதன் லேன் ஓரளவு நிலையானது. பைக் அப்படி இல்லை. ஒரு சின்னப் பள்ளம், கொட்டிக் கிடக்கும் ஜல்லி, பஸ் சிந்திய டீசல், எதைப் பார்த்தாலும் முன்னால் போகிறவர் அரை நொடியில் ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடுவார். அவர் பார்க்கும் பள்ளம் உங்களுக்குத் தெரியாது, அவர் முதுகு மறைத்துக்கொண்டிருக்கும்.

வளைவில் இது இன்னும் மோசம். கொஞ்சம் ஓட்டத் தெரிந்தவர் வலப்பக்க வளைவுக்குள் நுழையும்போது இடது ஓரத்தில் ஆரம்பித்து, நடுக்கோட்டை ஒட்டி வந்து, மறுபடி இடது ஓரத்துக்குப் போவார். நுழையும்போது அவர் இடது ஓரத்தில் இருப்பதைப் பார்த்து, வலப்பக்கம் இடம் இருக்கிறதே என்று நீங்கள் போனால், இரண்டு நொடியில் அவர் அந்த இடத்துக்கே வருவார். இடப்பக்க வளைவில் இதற்கு நேர்மாறு: நடுவிலிருந்து ஆரம்பித்து உள்ளே இடது ஓரத்தைத் தொடுவார். அங்கே இடப்பக்கம் நுழைகிறவர் மலைச்சுவருக்கும் அவருக்கும் நடுவில் மாட்டுவார். வளைவில் சாய்ந்திருக்கும் பைக்கைத் திடீரென்று நிமிர்த்தினால் அது நேராக வெளியே ஓடும், பிரேக்கும் சரியாகப் பிடிக்க வராது. ஆகவே வளைவுக்குள் இருக்கிற ரைடரைத் தாண்டவே தாண்டாதீர்கள், அவர் நடை வேகத்தில் போனாலும் சரி.

அப்புறம் காது. ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல், பக்கத்தில் சொந்த சைலன்சரின் சத்தம். நீங்கள் பின்னால் வருவது அவருக்குக் கேட்காது. கண்ணாடியிலும் பார்த்திருப்பார் என்று நம்ப முடியாது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான இரு சக்கர வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், அதனால் பின்னால் ஒரு வெளிச்சம் தெரிவது யாருக்கும் செய்தியாகப் படுவதில்லை.

முதல் வேலை: பின்னால் இருந்து படிப்பது

ஒருவரை எட்டிப் பிடித்தவுடன் தாண்டாதீர்கள். இரண்டு நொடி இடைவெளி விட்டு, குறைந்தது இரண்டு வளைவு அவர் பின்னாலேயே போங்கள். அவர் ஒரு மைல்கல்லைத் தாண்டியதும் நிதானமாக ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று எண்ணுங்கள், அதற்கு முன் நீங்கள் அந்தக் கல்லை அடைந்துவிட்டால் நெருக்கமாக இருக்கிறீர்கள்.

இந்த இரண்டு வளைவில் நிறையத் தெரிந்துவிடும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடிக்கிறாரா, இல்லை வளைவுக்குள் பிடித்துத் தடுமாறுகிறாரா? கால் கீழே தொங்குகிறதா? இண்டிகேட்டர் போடும் பழக்கம் இருக்கிறதா, இல்லை போட்டதை அணைக்காமலே மூன்று கிலோமீட்டராக ஓட்டிக்கொண்டிருக்கிறாரா? பின்னால் உட்கார்ந்திருப்பவர் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறாரா? தலை பள்ளத்தாக்குப் பக்கம் திரும்புகிறதா? அழகான சாலையில் இந்தக் கடைசி இரண்டும்தான் ஆபத்தானவை. தலை திரும்பிய பக்கம் வண்டியும் கொஞ்சம் போகும், அடுத்த நொடி அவர் நிறுத்தலாம், என் விஷயத்தில் நடந்தது போலக் குறுக்கே திரும்பவும் செய்யலாம். ஆகவே வேகம் குறைகிறது என்றால் நீங்களும் குறையுங்கள். அவர் முழுக்க நிறுத்திக் காலை ஊன்றும் வரை, இல்லை திரும்பவும் வேகம் எடுக்கும் வரை காத்திருங்கள். அந்த நடுக்கட்டத்தில் மட்டும் நுழையாதீர்கள்.

9-வது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூ மாதிரியான இடங்களில் இதை இரட்டிப்பாக நினைவில் வையுங்கள். ஆழியார் அணை கீழே விரிந்து கிடக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் சுவரோரம் வரையாடு நிற்கும். அங்கே எல்லாரும் நிறுத்துவார்கள், நிறுத்திய வண்டிகள் பார்க்காமல் சாலைக்குள் ஏறும், பிள்ளைகள் குறுக்கே ஓடுவார்கள். அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் ஓவர்டேக் என்ற நினைப்பே வேண்டாம்.

இரண்டாவது: எவ்வளவு சாலை தெரிய வேண்டும்

இதைக் கணக்காகப் போட்டால்தான் உறைக்கும். முன்னால் போகிறவர் 40 கிலோமீட்டர் வேகம், நீங்கள் 55. வித்தியாசம் 15, அதாவது நொடிக்கு நாலு மீட்டர் சொச்சம். அவருக்கு 10 மீட்டர் பின்னால் தொடங்கி, இரண்டு வண்டியின் நீளத்தையும் கடந்து, 10 மீட்டர் முன்னால் போய்ச் சேர வேண்டும் என்றால் 24 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். அதற்கு ஏறக்குறைய 6 நொடி ஆகும். அந்த 6 நொடியில் நீங்கள் 90 மீட்டருக்கு மேல் போயிருப்பீர்கள், எதிரே 40-இல் வரும் பஸ் 67 மீட்டர் வந்திருக்கும். கூட்டினால் சுமார் 160 மீட்டர், அதுவும் பஸ்ஸும் நீங்களும் மூக்கோடு மூக்கு உரசி நிற்கும் கணக்கு. கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டும் என்றால் 200 மீட்டருக்குக் குறையாமல் வெறும் சாலை கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஆழியாரிலிருந்து அட்டகட்டி வரை ஏறும்போது 200 மீட்டர் நேராகத் தெரியும் இடங்கள் எத்தனை என்று ஒரு தடவை எண்ணிக்கொண்டே போய்ப் பாருங்கள். விரல் விட்டு எண்ணிவிடலாம். உண்மை அதுதான், இந்தச் சாலையில் தாண்டுவதற்கான இடமே கொஞ்சம்தான், அது வரும்வரை காத்திருப்பதுதான் திறமை. ஒரு நல்ல விஷயம், சில இடங்களில் மேலே அடுத்த அடுக்குச் சாலை கீழிருந்தே தெரியும். பஸ் இறங்குகிறதா, லாரி வருகிறதா என்று இரண்டு வளைவு முன்பே பார்த்துவிடலாம். ஆனால் அப்படிப் பார்த்ததை எதிரே வண்டி இல்லை என்பதற்கு உத்தரவாதமாக எடுக்காதீர்கள், மரம் மறைத்த பகுதியில் ஒரு ஜீப் இருக்கும்.

ஏற்றத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. சமவெளியில் 40-இலிருந்து 55-க்குச் சட்டென்று ஏறும் வண்டி, ஆள் ஏற்றி, பையும் கட்டி, மலை ஏறும்போது அப்படி ஏறாது. மூன்றாவது கியரில் முறுக்கி, வண்டி முனகிக்கொண்டே எதிர்ப்பக்கத்தில் நின்றுபோன மாதிரி நிற்கும் கொடுமையை நிறையப் பேர் அனுபவித்திருப்பார்கள். உங்கள் வண்டிக்கு அந்த இழுவை இல்லையென்றால் உங்களுக்கு அந்த ஓவர்டேக்கும் இல்லை.

எங்கெல்லாம் கூடாது

இதில் சட்டமும் அனுபவமும் ஒன்றையேதான் சொல்கின்றன. 2017-இன் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள்படி எதிர்ச்சாலை சரியாகத் தெரியாத வளைவிலும் மேட்டு உச்சியிலும் முந்தக் கூடாது, முந்தப்படுகிறவர் வேகத்தைக் கூட்டவும் கூடாது. நடுவில் கோடு விடாமல் போட்டிருந்தால் அதைத் தாண்டக் கூடாது. விதியை மீறி முந்துவதை 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு ஆபத்தான ஓட்டுதல் என்றே எண்ணுகிறது. ஏற்றத்தில் வருகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பதும் மலைச்சாலையின் பழைய விதி, அதை மதிக்காதவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பைக்கைத் தாண்டும் அவசரத்தில் பஸ்ஸை மறந்துதான் பலர் மாட்டுகிறார்கள். நீங்கள் ஏறும்போது உங்களுக்கு வலப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில், எதிரே இறங்கி வரும் பஸ்ஸுக்கு அது குறுகலான இடப்பக்கத் திருப்பம். உங்கள் பக்கத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளாமல் அதனால் திரும்பவே முடியாது. டிரைவர் மேல் குற்றம் இல்லை, வண்டியின் நீளம் அப்படி. ஆகவே வலப்பக்கக் கொண்டை ஊசிக்கு முன்னால் ஒரு பைக்குக்குப் பக்கத்தில் இணையாக இருப்பதுதான் இந்தச் சாலையிலேயே மிக மோசமான இடம். அதே போல, முன்னால் ஏறும் பஸ் இடப்பக்கம் திரும்புவதற்காக முதலில் வலப்பக்கம் விலகும்போது இடது ஓரத்தில் அழகாக ஒரு சந்து திறக்கும். இரண்டு பைக் நுழையலாம் போலத் தோன்றும். நுழையாதீர்கள். பஸ் திரும்பும்போது அதன் பின்சக்கரம் அந்தச் சந்தை முழுசாக மூடிவிடும்.

லாரிக்காரரின் கை சைகையும் இண்டிகேட்டரும் ஆளுக்கு ஆள் வேறு பொருள் தரும். ஒருவர் வலது இண்டிகேட்டர் போட்டால் போகலாம் என்று அர்த்தம், இன்னொருவர் போட்டால் எதிரே வண்டி வருகிறது என்று அர்த்தம். நல்ல மனதோடுதான் காட்டுகிறார்கள், ஆனாலும் உங்கள் கண்ணால் பார்க்காத சாலைக்குள் அடுத்தவர் சொல்லிப் போகாதீர்கள்.

மூன்றாவது: அந்த ஆறு நொடி

சரி, இரண்டு வளைவு பின்னால் போயாயிற்று, ஆள் நிதானமானவர், எதிரே 200 மீட்டர் சுத்தமாகத் தெரிகிறது. இப்போது வரிசையாகச் செய்ய வேண்டியது இது.

வளைவு முடிந்து அவர் வண்டி நேராக நிமிர்ந்த பிறகுதான் தொடங்க வேண்டும். அதற்கு முன்பே ஒரு கியர் குறைத்து வைத்திருங்கள், தாண்டும் நடுவில் கியர் மாற்றும் வேலை வரக் கூடாது. கண்ணாடியைப் பாருங்கள், பிறகு தலையை வலப்பக்கம் திருப்பித் தோளுக்கு மேலாக ஒரு தடவை பாருங்கள். இதை நிறையப் பேர் செய்வதில்லை. நீங்கள் முன்னால் இருப்பவரைத் தாண்ட நினைக்கும் அதே நொடியில் உங்களைத் தாண்ட ஒருவர் வலப்பக்கம் வந்திருப்பார், கண்ணாடியில் தெரியாத கோணத்தில்.

இண்டிகேட்டர் போட்டுவிட்டு, தூரத்தில் இருக்கும்போதே ஒரு சின்ன ஹாரன். ஒரே ஒரு தடவை, வணக்கம் சொல்வது போல. பக்கத்தில் போய்க் காதுக்குள் அலறவிட்டால் அவர் திடுக்கிட்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்புவார். ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் போகிறோம் என்பதால் காட்டுப் பகுதியில் நான் ஹாரனுக்குப் பதிலாக லைட்டை இரண்டு தடவை மினுக்குவேன். அவர் தலையசைத்தாலோ லேசாக இடப்பக்கம் ஒதுங்கினாலோ நல்லது, ஒன்றுமே செய்யாவிட்டால் பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொண்டு இன்னும் அகலமாகப் போங்கள்.

வலப்பக்கம் முழுசாக வெளியே வாருங்கள். அவர் கையை நீட்டினாலும் தொட முடியாத தூரம், குறைந்தது ஒன்றரை மீட்டர் வேண்டும். புல்லட்டின் இரண்டு பக்கமும் பெட்டி கட்டியிருந்தால் அந்த அகலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் வண்டியின் பெட்டியையும்தான். இருக்கிற ஒரே லேனுக்குள்ளேயே இடித்துக்கொண்டு ஓரமாய் நழுவிப் போவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். அங்கே அவர் ஒரு பள்ளத்தைத் தவிர்த்தால் போதும், இரண்டு ஹேண்டில்பாரும் பின்னிக்கொள்ளும்.

அவரைப் பார்க்காதீர்கள், நீங்கள் போய்ச் சேரவேண்டிய இடத்தைப் பாருங்கள். கண் எங்கே நிற்கிறதோ வண்டி அங்கே போகும். பக்கத்தில் வந்ததும் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரல் காட்டுவது, அவர் வண்டி என்ன மாடல் என்று பார்ப்பது, இதெல்லாம் டீக்கடையில் செய்யலாம். இணையாக ஓடும் நேரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

பிறகு திரும்பி உள்ளே வருவது. உங்கள் இடது கண்ணாடியில் அவருடைய முழு ஹெட்லைட்டும் ஹெல்மெட்டும் தெரிந்த பிறகு மெதுவாக வாருங்கள், வந்ததும் பிரேக் பிடிக்காதீர்கள். ரொம்பப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள், வேகமாகத் தாண்டி, அடுத்த வளைவு வந்துவிட்டதே என்று அவருடைய முன்சக்கரத்துக்கு முன்னால் பிரேக்கை அழுத்துவார்கள். உள்ளே வந்து நிதானமாக வேகம் குறைக்க இடம் இல்லையென்றால் அந்தத் துண்டுச் சாலை தாண்டுவதற்குப் போதாது என்றுதான் பொருள்.

நடுவில் மனசுக்கு ஏதாவது சரியில்லை என்று பட்டால் விட்டுவிடுங்கள். அவருடைய பின்சக்கரத்துக்கு நேராக வருவதற்கு முன் த்ராட்டிலை விட்டாலே போதும், பின்னால் உங்கள் இடம் காலியாகத்தான் இருக்கும். அதற்காகத்தான் 10 மீட்டர் பின்னாலிருந்து தொடங்கச் சொன்னேன், டயரை முகர்ந்துகொண்டு தொடங்கினால் திரும்பிப் போக இடம் கிடையாது.

கூட்டமாகப் போகிறவர்கள்

எட்டுப் பேர் வரிசையாகப் போகிறார்கள், நீங்கள் தனியாக வருகிறீர்கள் என்றால் எட்டுப் பேரையும் ஒரே மூச்சில் தாண்ட நினைக்க வேண்டாம். ஒருவரைத் தாண்டி, இரண்டு வண்டிக்கு நடுவில் இடம் இருந்தால் அங்கே நில்லுங்கள், அடுத்த நேர்ச்சாலையில் அடுத்தவர். நடுவில் இடமே விடாமல் ஒட்டி ஒட்டிப் போகும் கூட்டமாக இருந்தால் அவர்கள் அடுத்து நிறுத்தும் வரை பின்னாலேயே போய்விடுவது மேல்.

நீங்களே கூட்டத்தில் ஒருவராக இருந்தால் ஒன்று சொல்கிறேன், இதை உங்கள் நண்பர்களுக்கும் கிளம்பும் முன் சொல்லிவிடுங்கள். முன்னால் போன நண்பன் தாண்டிவிட்டான் என்பது உங்களுக்கு அனுமதி கிடையாது. அவன் பார்த்தபோது காலியாக இருந்த சாலை அவனோடு முடிந்துபோயிற்று. நீங்கள் மூன்று நொடி கழித்து நுழையும்போது அது வேறு சாலை. தலைவன் கையைக் காட்டி வா வா என்று கூப்பிடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள், பின்தங்கியவருக்காக முன்னால் போனவர்கள் 5 நிமிடம் காத்திருந்தால் யாரும் துரத்திக்கொண்டு ஓட வேண்டிய தேவையே வராது.

இறக்கமும் பனியும்

இறங்கும்போது தாண்டுவது ஏறுவதைவிட எளிது போலத் தோன்றும், வண்டி தானாகவே வேகம் எடுக்கும் அல்லவா. ஆனால் எடுத்த அந்த வேகத்தோடு அடுத்த கொண்டை ஊசிக்குள் போய் நிற்பீர்கள், இறக்கத்தில் நிற்க அதிகத் தூரம் வேண்டும், இத்தனை வளைவு பிடித்துப் பிடித்து வந்ததில் பிரேக்கும் சூடாகியிருக்கும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், இன்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும். இறக்கத்தில் நான் யாரையும் தாண்டுவதே அபூர்வம்.

கவர்க்கல் பக்கம் பனி இறங்கினால் சில நேரம் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு லைட் மட்டும்தான் தெரியும். அப்போது அந்த லைட்டுக்குப் பின்னால் இடைவெளி விட்டுப் போவதைத் தவிர வேறு வேலை இல்லை. மழையில் சாலைக்கோட்டின் பெயின்ட் வழுக்கும், தாண்டுவதற்கு அந்தக் கோட்டை இரண்டு தடவை கடக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். முன்னால் ஒரு வண்டி காரணமே இல்லாமல் நடுச்சாலையில் நின்றுவிட்டால் தாண்டிப் போய்ப் பார்க்காதீர்கள், அங்கே காட்டுமாடோ யானையோ நிற்கலாம்.

உங்களை ஒருவர் தாண்டும்போது

பின்னால் ஒருவர் அவசரமாக வருகிறார் என்று தெரிந்தால் உங்கள் கோட்டிலேயே ஒரே சீராகப் போங்கள். வேகத்தைக் கூட்டாதீர்கள், சாலையை விட்டு மண்ணில் இறங்கி வழிவிடவும் வேண்டாம், ஈர இலைமேல் சக்கரம் ஏறினால் விழுவது நீங்கள்தான். நேர்ச்சாலை வந்ததும் லேசாக இடப்பக்கம் ஒதுங்கினால் போதும். ரொம்ப நெருக்கிக்கொண்டே வந்தால் அகலமான இடம் பார்த்து இண்டிகேட்டர் போட்டு நிறுத்தி, போகவிட்டு வாருங்கள். பின்சீட்டில் மனைவியோ பிள்ளையோ இருக்கும்போது நான் யோசிக்கவே மாட்டேன், நிறுத்திவிடுவேன்.

புதுசாக ஓட்டுகிறவர்கள் இதையெல்லாம் மலையில் முதல் தடவையாகப் பழகிப் பார்க்க வேண்டாம். பொள்ளாச்சியிலிருந்து ஆழியார் வரை சமவெளிதான், அங்கேயே தோளுக்கு மேல் பார்ப்பது, கியர் குறைப்பது, அகலமாக வெளியே வந்து மெதுவாக உள்ளே போவது எல்லாவற்றையும் நாலைந்து தடவை செய்து கை பழகிவிடும். மேலே ஏறிய பிறகு தாண்ட இடமே கிடைக்கவில்லை, முன்னால் இருப்பவரும் 20-இல்தான் போகிறார் என்றால் அட்டகட்டியில் நிறுத்தி ஒரு டீ குடியுங்கள். குடித்து முடித்துக் கிளம்பும்போது அவர் நாலைந்து வளைவு மேலே போயிருப்பார், உங்களுக்கு முன்னால் சாலை காலியாக இருக்கும்.